பாஷா ஹோல்டில் இருக்கிறார்

எங்கள் கம்பெனி வாசலில் தொங்கிய பலகையில் "அபூ சரீ சர்வதேச வேளாண் குழுமம்" என்று தங்க நிற எழுத்தில் இருந்தது. உள்ளே நாங்கள் விற்றது வெங்காயம். பருவம் கைகொடுத்தால் பூண்டும் உண்டு. குழுமம் என்ற சொல்லுக்கு ஆதாரமாக ஆறு அறைகளும், கடல் காற்றில் உப்பேறிய ஒரு பால்கனியும் இருந்தன. எல்லா அறையிலும் வெங்காய வாசனை வந்தது. முதலாளி அறையில் மட்டும் வெங்காயமும் அத்தரும் சேர்ந்து வந்தன.

முதலாளி ஷவ்கி அபூ சரீ. சரீ என்றால் வேகம். வேகத்துக்குத் தகப்பன் என்று பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டு, அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் அவர் அளவுக்கு மனிதர்களைக் காக்க வைத்தவர் வேறு யாரும் இல்லை. நாங்கள் அவரைப் பாஷா என்போம். அந்தப் பட்டத்தை அரசாங்கம் எப்போதோ ஒழித்துவிட்டது. அதற்குப் பிறகு போக்குவரத்துப் போலீஸ்காரர், டாக்ஸிக்காரர், மீன் விற்பவர் என்று எதிரே வருகிற எல்லோரையும் ஊரே பாஷா என்றுதான் கூப்பிடுகிறது. கூப்பிடப்பட்டவர்களில் அதை நம்பியவர் இவர் ஒருவர்தான்.

அறைக்கு அறை போன் இணைக்கிற டெலிபோன் சென்ட்ராலை அவர் வாங்கியது எதிர்க் கட்டடத்துப் பருத்திக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காக. அதுவரை எங்களிடம் ஒரே போன் இருந்தது. மணி அடித்தால் கம்பெனியின் மூத்த ஊழியர் மதாம் ஓடெட் எடுப்பார், பாஷா அறைப் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிடுவார், பாஷா வருவார். வெங்காயம் நன்றாகவே விற்றது.

சென்ட்ராலைப் பொருத்த வந்தவர் ஹுசாம். ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர்களையெல்லாம் எங்கள் ஊரில் தலைமைப் பொறியாளர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆகையால் அவர் இஞ்சினியர் பாஷா ஆனார். இடுப்பில் சோதனைக்கான ரிசீவர் ஒன்று தொங்கும். போலீஸ்காரரின் துப்பாக்கி மாதிரி அதை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வார். சுவரில் பெட்டியை மாட்டி அறை அறையாகக் கம்பி இழுத்தது ஒரே நாளில் முடிந்தது. யாருக்கு எந்த எண் என்பது முடிவாக ஒரு வாரம் ஆயிற்று. பாஷாவுக்கு நூறு. அதில் தகராறில்லை. நூற்றொன்று தனக்கு என்றார் பாஷாவின் சகோதரி மகன் தாமிர். கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்பது அவருக்கும் தெரியாது. ஆனால் எண் வேண்டும். ஏற்றுமதிப் பத்திரங்கள் எழுதுகிற எனக்குக் கடைசியில் கிடைத்தது டீ போடுகிற அறைக்கு அடுத்த எண். அதனால் பாதி நாள் என்னிடம் சர்க்கரை குறைவு என்று புகார் வந்துகொண்டிருந்தது.

மதாம் ஓடெட்டுக்கு எண்ணே இல்லை. விளக்குகள் மினுங்குகிற பெரிய போன் கொடுத்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து வருகிற எல்லா அழைப்பும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும்.

அதோடு பாஷா ஒரு விதியும் போட்டார். யார் அழைத்தாலும் உடனே இணைக்கக் கூடாது. "பாஷா ஒரு முக்கியமான கூட்டத்தில் இருக்கிறார்" என்று சொல்லி ஹோல்டில் போட வேண்டும். பெரிய மனிதர்கள் உடனே கிடைக்க மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. அதை அவர் தெரிந்துகொண்டது ஏதோ ஓர் அமைச்சகத்தில் நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டுத் திரும்பிய அன்று.

காத்திருப்பவர்கள் காதில் என்ன விழ வேண்டும் என்ற கேள்வி வந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, எதைச் செருகினாலும் அது ஹோல்டில் இருப்பவருக்குக் கேட்கும் என்றார் ஹுசாம். சிலர் இசை வைப்பார்களாம், சிலர் வானொலி. பாஷா தன் குரலை வைப்பதென்று முடிவு செய்தார். ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த பெரிய டேப் ரெக்கார்டர் அவர் அறையில், மேசைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அதன் காதுக்குழாய்த் துளையிலிருந்து கம்பி இழுத்து, சுவரைத் துளைத்து, ஹுசாம் பெட்டியில் செருகினார். துளையில் கம்பி இருந்தால் ரெக்கார்டரின் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். அறையில் சத்தமே வராது. ரொம்ப நாகரிகம் என்று பாஷா பாராட்டினார்.

வரவேற்புரையைத் தூய இலக்கண அரபியில் எழுதி, அறையைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார். நாங்கள் பேச்சில் விழுங்கிவிடுகிற கடைசி உயிரெழுத்துகளையெல்லாம் கணீரென்று உச்சரித்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். "உங்களை வரவேற்பதில் பெருமை கொள்வது அபூ சரீ குழுமம்" என்ற இடம் வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. குழுமம் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்தப் பெயர் வந்தால், தூய மொழியில் அது அபூ இல்லை, அபீ என்றேன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த பாடம், மறக்காது.

பாஷா ரெக்கார்டரின் நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தினார். பதிவுப் பொத்தான் அழுந்தியபடியே இருந்தது.

"எங்கப்பா அபூ. எங்க தாத்தா அபூ. பலகையில அபூ. டேப்புல மட்டும் நான் அபீ ஆகணுமா?"

"இலக்கணம் அப்படி பாஷா."

"இலக்கணத்துக்காக ஒரு மனுஷன் பேரை மாத்திக்கணுமா, உஸ்தாத் வஹீத்? நாளைக்கு பேங்க்ல வந்து கேட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

அபூ என்றால் படித்தவர்கள் சிரிப்பார்கள். அபீ என்றால் வெங்காயத் தரகர்கள் சிரிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் தெரிந்த பேராசிரியரைக் கேட்டுவிட்டு மீதியைப் பதிவு செய்யலாம், அதுவரை யாரும் இந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்று உத்தரவிட்டார். பேராசிரியரோ பெரிய மனிதர். உடனே கிடைக்கவில்லை. ரெக்கார்டர் தன் சிவப்பு விளக்கோடு அபூவுக்கும் அபீக்கும் நடுவில் அப்படியே நின்றது. காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது போலிருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவரவர் வேலை பார்க்கிற இடத்துக்கு வெளியிலிருந்து போன் செய்து யார் காத்திருந்து பார்ப்பார்கள்?

அந்தப் பருவத்தில்தான் வியாபாரம் கோணலாகத் தொடங்கியது. எந்தத் தரகரிடம் பேசினாலும் பாஷா மனத்தில் வைத்திருந்த உச்ச விலையில் வந்து நின்றார்கள். அதற்கு ஓர் இம்மி கீழே இறங்கவில்லை, மேலேயும் கேட்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் எங்கள் விலைக்கு ஒரு மயிரிழை கீழே கப்பல்காரர்களிடம் எழுதிக் கொடுத்தன. வெளியூர்த் தரகர் ஹாஜி மஹ்ரூஸ், பாஷாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். மூட்டுவலியைப் பாஷா வீட்டிலும் என்னிடமும் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பாஷா முடிவு கட்டினார். அன்று முதல் கம்பெனியில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்ப்பது நின்றுபோனது. மூட்டுவலி விஷயத்தில் நான் ஏற்கெனவே மாட்டியிருந்ததால், யார் எதைச் சொன்னாலும் காது கேட்காதவன் மாதிரி நடந்துகொண்டேன். காது கேட்காத மாதிரி நடிக்கிறான், ஏன்? என்று தாமிர் கேட்டார்.

ஹுசாமை வரவழைத்தார்கள். பெட்டியைத் திறந்தார், தலையை ஆட்டினார், ஈரப்பதம் என்றார். மறுமுறை வந்து கம்பிகளை மாற்றினார். அதற்கடுத்த முறை எல்லாப் போன்களின் அடிப்பகுதியையும் கழற்றி ஊதினார். என் போனிலிருந்து சர்க்கரையும் எறும்பும் வந்தன. கசிவு மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஒரு நாள், பாஷாவின் அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, குரலைத் தாழ்த்தி, இந்த சென்ட்ராலில் நடக்கிற எந்தப் பேச்சுக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்து கேட்கக்கூடிய போன் இரண்டே இரண்டுதான் என்று அறிவித்தார். ஒன்று பாஷாவுடையது. இன்னொன்று மதாம் ஓடெட்டுடையது.

ஊழியர்கள் பேசுவதைக் கேட்பதற்காகப் பாஷாவே கேட்டு வாங்கிய வசதி அது. மதாமின் போனில் அது இருப்பது பெட்டியோடு வந்த ஏற்பாடு. ஆனால் மனிதனுக்குத் தன் கையில் இருக்கிற கத்தி பழம் நறுக்கத்தான் என்று தெரியும். அடுத்தவர் கையில் இருந்தால் சந்தேகம் வருகிறது.

மதாம் ஓடெட், பாஷா ஒரு தராசும் ஒரு தார்ப்பாயுமாகத் துறைமுக வாசலில் நின்ற காலத்திலிருந்து கூட இருப்பவர். கணவர் டிராமில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வூதியம் அவருடைய சிகரெட்டுக்கும் சீட்டாட்டத்துக்கும் சரியாகப் போனது. வீடு நடந்தது மதாம் சம்பளத்தில். அந்த வயதில், துறைமுகமெல்லாம் "விலையை விற்றவள்" என்று பேசிய பிறகு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்? அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பாஷா அவரை அழைத்துச் சத்தம் போடவில்லை. அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாக, இந்த வியாழக்கிழமையோடு கம்பெனிச் சாவியைத் தாமிரிடம் கொடுத்துவிடுங்கள் மதாம், வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள் என்றார். சனிக்கிழமை முதல் தாமிருக்கு நிச்சயம் செய்த பெண் ரீஹாம் அந்த நாற்காலிக்கு வருவதாக ஏற்பாடு. அதுவரை ஒழுங்குக்காக, விதியை இன்னும் இறுக்கினார். யாராக இருந்தாலும் ஹோல்டில் போட வேண்டும். மந்திரியானாலும் சரி, நானே கூப்பிட்டாலும் சரி, விதி விதிதான் என்றார். அந்தக் கடைசிப் பகுதியை வீரத்துக்காகச் சொன்னார். மதாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். முகத்தில் அழுத தடயம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

ஒன்றைக் கவனித்தாயா என்று கேட்டார். சென்ட்ரால் வந்த புதிதில் தரகர்கள் காத்திருக்கச் சொன்னால் கத்துவார்களாம், வைத்துவிடுவார்களாம். இப்போது யாரும் கத்துவதில்லை. நிதானமாக வரட்டும் மதாம், எங்களுக்கென்ன அவசரம் என்கிறார்களாம். இன்று காலை பாஷா தவறுதலாகச் சீக்கிரம் எடுத்துவிட்டார். பேசி முடித்த ஹாஜி மஹ்ரூஸ் திரும்ப அழைத்து மதாமிடம் சண்டை போட்டிருக்கிறார்.

"என்ன தங்கச்சி, எடுத்த எடுப்புல குடுத்துட்டே. நான் இன்னும் ஒரு கிளாஸ் டீ கூட ஊத்திக்கல."

"டீக்கும் போனுக்கும் என்ன ஹாஜி?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அடுத்த தடவை என்னை நல்லா காக்க வை."

மத்தியானம் மதாம், மொச்சை மசியல் வைத்த ஃபூல் ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கீழே மளிகைக் கடைக்குப் போனார். அவர் இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தார். போன் அடித்தது. அவர்தான். ஒன்றும் கேட்காதே, ஹோல்டில் போடு என்றார். போட்டேன். விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது அவர் கையில் ரொட்டி இல்லை.

"அவர் ரூம்ல மேசை டிராயரை இழுத்தார். மரம் முனகுற சத்தம் வரைக்கும் கேட்டுது. அப்புறம் கணக்குப் பிள்ளைகிட்ட, மஹ்ரூஸுக்கு எவ்வளவு வரைக்கும் ஏறலாம்னு சொன்னார்."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. சிவப்பு விளக்கு. அழுந்தியிருக்கிற பதிவுப் பொத்தான். ரெக்கார்டர் பதிவும் செய்யவில்லை, ஓடவும் இல்லை. தன் மைக்கில் விழுவதையெல்லாம் கம்பி வழியாக அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பாஷா ஒவ்வொருவரையும் காக்க வைத்து, காக்க வைத்து, தன் அறைக்குள் உட்கார வைத்திருக்கிறார்.

உடனே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். மதாம் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நீ சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். நான் சொன்னால், நீதானே செய்தாய் அதனால்தான் தெரிந்திருக்கிறது என்பார். அவர் யார் சொன்னாலும் நம்ப மாட்டார் என்றார். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கம்பெனியில் ஒன்று தெரிந்திருப்பதே குற்றமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமைகளில் பாஷா தெருமுனைச் சலூனில் சவரம் செய்துகொண்டு மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொள்வார். நாற்காலியில் இருந்தபடியே சலூன் போனில் கம்பெனியைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்வது வழக்கம். அவர் உள்ளே நுழையும்போது எல்லோரும் எழுந்து நிற்பதற்கு வசதியாக இருக்கும். வழக்கமாக மதாம் அவர் குரலைக் கேட்டதும், சரி பாஷா, சொல்லிவிடுகிறேன் என்று முடித்துவிடுவார்.

அன்று போன் அடித்தபோது மதாம் கைப்பையையும் சாவிக்கொத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துத் தயாராக இருந்தார். பாஷா அறைக்குள் தாமிரும், சென்ட்ராலை ரீஹாமுக்காகச் சரிசெய்ய வந்த ஹுசாமும் இருந்தார்கள். தாமிர் மாமா இல்லாதபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். அதுவும் வியாழக்கிழமை வழக்கம்தான்.

"அபூ சரீ சர்வதேச வேளாண் குழுமம்," என்றார் மதாம். "யார் பேசுறது?"

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள்.

"நான்னா யாருங்க? ... ஆமாம் பாஷா. ஆனா விதி விதிதானே. பாஷா ஒரு முக்கியமான கூட்டத்துல இருக்கார். கொஞ்சம் லைன்ல இருங்க."

பொத்தானை அழுத்திவிட்டு, ரிசீவரை வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். விளக்கு மினுங்கியது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அந்தப் பக்கம் நடந்ததைச் சலூன்காரர் பிறகு சொன்னார். பேச்சு வீணாவதைப் பொறுக்காத மனிதர் அவர். ரிசீவரின் மறுபக்கத்தில் தன் காதையும் ஒட்டிக்கொண்டாராம். முதலில் பாஷா சோப்பு நுரைக்குள் சிவந்தாராம். என் கம்பெனியில் என்னையே காக்க வைக்கிறாளா என்று எழப் போனவர், அப்படியே நின்றுவிட்டாராம்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லைங்க," என்றது ஹுசாமின் குரல். "வர்றேன், பெட்டியைத் தொறக்குறேன், தலையை ஆட்டுறேன், மூடுறேன். உங்க மாமாவுக்கு அது போதும்."

"மாமாவுக்கு அபூவா அபீயான்னே தெரியல, அவருக்கு லைன் என்ன தெரியப் போகுது," என்றது தாமிரின் குரல். நாற்காலி கிறீச்சிட்டது. "ரீஹாம் வரட்டும். அப்புறம் மாமா யார்கிட்ட என்ன பேசினாலும் மொதல்ல எனக்குத் தெரியும்."

"சந்தேகப்பட மாட்டாரா?"

"அவர்தான் ஏற்கெனவே மதாம் மேல சந்தேகப்பட்டுட்டாரே. ஒரு நேரத்துல ஒருத்தர் மேலதான் அவரால சந்தேகப்பட முடியும். அதுக்கு மேல மண்டை தாங்காது."

பாஷா ஒரு கன்னத்தில் நுரையும், மீசையின் ஒரு பக்கத்தில் மட்டும் சாயமுமாக, கழுத்தில் துண்டோடு படியேறி வந்தார். மூட்டுவலி எங்கே போயிற்றோ. நாங்கள் எழுந்து நின்றோம். கதவைத் திறந்ததும் தாமிர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் அது சுழன்றது.

பாஷா அவர்களைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். கம்பி சுவருக்குள் நுழைகிற இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஹாஜி மஹ்ரூஸும், போட்டிக் கம்பெனிகளும், மூட்டுவலியும் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. துறைமுகம் முழுக்க ஒரு பருவம் பூராவும் தன் அறையில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறது. அதை உட்கார வைத்தது அவர் விதி.

வெளியே வந்து மதாம் முன்னால் நின்றார்.

"என்னை எதுக்கு ஹோல்டுல போட்டீங்க?"

"நானே கூப்பிட்டாலும்னு நீங்கதான் சொன்னீங்க பாஷா."

பாஷா கன்னத்தைத் தடவினார். நுரை காய்ந்து உதிர்ந்தது. பிறகு தொண்டையைச் செருமி, எல்லோருக்கும் கேட்கும்படி, இதெல்லாம் தான் திட்டமிட்டு வைத்த பொறி, துரோகிகளைப் பிடிப்பதற்காகப் பருவம் முழுக்கப் பொறுத்துக்கொண்டிருந்ததாக அறிவித்தார். நாங்கள் வியந்தோம். வியப்பதற்குத்தானே சம்பளம். தாமிரை மேல் எகிப்தில் வெங்காயம் காயவைக்கிற களத்துக்கு அனுப்பினார். அங்கே போன் கிடையாது. ஹுசாம் தன் இடுப்பு ரிசீவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனார். மேசைமேல் இருந்த சாவிக்கொத்தைப் பாஷாவே எடுத்து மதாம் பக்கம் நகர்த்தினார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. தூய அரபியிலும் வரவில்லை, பேச்சு அரபியிலும் வரவில்லை. மதாம் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தார்.

ரெக்கார்டரை நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தோம். நிறுத்தவில்லை. தரகர்களை ஹோல்டில் போடுவதைத்தான் நிறுத்தினார். அவர்களை இனி உடனே இணைக்க வேண்டும். ஹாஜி மஹ்ரூஸ் மனம் உடைந்துபோய், முன்போல மரியாதை இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். விலை பழையபடி படியத் தொடங்கியது.

ஹோல்டு பாஷாவுக்கென்று ஆயிற்று. தினமும் சலூனுக்குப் போகிறார். சவரம் செய்ய ஏதும் இல்லாத நாளிலும் போகிறார். அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்து காத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து மதாம் எங்களில் ஒருவரைக் கண்ணால் காட்டி அறைக்குள் அனுப்புவார். உள்ளே போய்ப் பாஷாவின் நாற்காலியைப் பார்த்து, அவர் நேர்மையைப் பற்றி, தீர்க்கதரிசனத்தைப் பற்றி, அவர் அப்பா வைத்த அபூ என்ற பெயரின் கம்பீரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவோம். கணக்குப் பிள்ளை அழகாகப் பேசுவார், எனக்குக் கொஞ்சம் தடுமாறும்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்தோம். நேற்று பாஷா சலூனிலிருந்து பேசும்போது குரலைத் தாழ்த்தினார். மதாம் ரிசீவரை என் பக்கம் சாய்த்தார்.

"மதாம், உங்களை மட்டும்தான் நான் நம்புறேன். இவனுங்க எல்லாரும் என்னைப் பத்தி ரொம்ப நல்லாப் பேசுறானுங்க. ஒருத்தன் கூட ஒரு குறை சொல்லல. எங்கேயோ இடிக்குது. நான் கேட்கிறேன்னு எவனோ சொல்லியிருக்கான். யாருன்னு விசாரிக்கணும்."

"விசாரிக்கிறேன் பாஷா," என்றார் மதாம் ஓடெட். கணக்குப் பிள்ளையை அறைப் பக்கம் கண்ணால் காட்டினார். "கொஞ்சம் லைன்ல இருங்க."